மாமியின் அடுப்பில் விழுந்த ஆரத்தி

இரண்டாவது உலக யுத்தம் முடிவதற்கு முந்திய மழைக்காலம். இடம் பம்பாய், மாதுங்கா. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்குத் தெளிவாக வரும்.

1. நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில். சமையலறை மூலையில் மோரி இருக்கிறது. தரையில் சதுரமாகத் தாழ்வான கட்டை கட்டி, சுவர் ஓரத்தில் தண்ணீர் போக ஓட்டை விட்டிருப்பார்கள். பம்பாய் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது, கை கால் அலம்புவது எல்லாம் அதில்தான்.

2. அந்த மோரியில் ஒரு கல் பெயர்ந்து போயிற்று. கொத்தனாரைக் கூப்பிட்டுப் புதுச் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பூசினோம்.

3. கொஞ்ச நாளில் எங்கள் மோரிக்கு நேர் கீழே, முதல் மாடி மாமியின் சமையலறையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாங்கள் பாத்திரம் தேய்க்கும்போது மட்டுமே சொட்டியது.

4. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க நான் ஒரு சோதனை செய்தேன்.

5. அதை நம்பி, மோரித் தரையை உடைப்பது என்று தீர்மானமாயிற்று.

6. உளியை வைத்த பிறகு, உடைக்கவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா ஓர் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தவர். கண் பார்வை மங்கி, எழுத்துத் தெரியாமல் போய், வேலையை விட்டு நின்றுவிட்டார். அதன் பிறகு மாமிதான் குடும்பத்தை நடத்தினாள். பாலக்காட்டிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து, அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குக் காலையிலும் ராத்திரியிலும் சாப்பாடு போட்டாள். ஊரில் அவரவர் வீட்டில் எப்படி மடியாகச் சமைப்பார்களோ அப்படிச் சமைப்பாள். அந்தப் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவிட்டு அங்கே கவலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றவர்களும் மாமியிடம் எதிர்பார்த்தது அதைத்தான்.

அந்தச் சமையலறையில்தான் எங்கள் வீட்டுப் பத்துப் பாத்திரம் தேய்த்த தண்ணீர் சொட்டியது. எச்சில் தண்ணீர். அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி.

மாமி சண்டைக்காரி இல்லை. அதனால்தான் அவள் படியேறி வந்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னாள்: "இன்னிக்கு ரசம் விளாவிண்டிருக்கேன், பக்கத்துல டப்புனு விழறது. சாப்பிட உட்கார்ந்த பிள்ளையாண்டான் நிமிர்ந்து மேலே பார்த்தான். ஒண்ணும் சொல்லலை. மோர் சாதம் சாப்பிடாம எழுந்து போயிட்டான்."

அந்தப் பையன் மறுநாள் வரவில்லை.

அம்மா உடனே ஓர் ஏற்பாடு செய்தாள். பாத்திரங்களைக் கூடையில் போட்டுக் கீழே பொதுக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தேய்த்தாள். அங்கே காலையில்தான் தண்ணீர் வரும், வரிசை வேறு. மழையில் நனைந்து அம்மாவுக்கு ஜுரம் வந்ததுதான் மிச்சம். அப்பா வீட்டுக்காரருடைய ஆளைப் போய்ப் பார்த்தார். மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. மழை நிற்பதற்குள் மாமியின் பந்தியில் எத்தனை இலை மிஞ்சும் என்று யாரும் கேட்கவில்லை.

கொத்தனார் தாராவியில் இருப்பவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் தெருவில் பாதிக் கட்டடங்களுக்கு அவர்தான் ஒட்டுப் போட்டிருக்கிறார். கூப்பிட்டுக் காட்டினோம். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், கோபம் வந்துவிட்டது.

"என் கலவை ஒழுகுதுன்னா சொல்லுதீய? நான் பூசின எடத்துல எறும்பு நுழையாது. கீழ அந்தம்மா ஊருக்கே சோறு வடிக்காவ. அந்த ஆவிதான் மேல போய்க் குளுந்து சொட்டுது, வேற ஒண்ணுமில்ல."

சமையலறை ஜன்னல்கள் மேலும் கீழுமாகப் பின் சந்தைப் பார்த்து இருப்பவை. கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "ஆவியா? என் சாதத்து ஆவிக்குப் பழைய குழம்பு வாசனை வருமோன்னு கேளு அவரை!"

ஆக, கொத்தனாருக்கு மாமிமேல் சந்தேகம். அம்மாவுக்குக் கொத்தனார்மேல் சந்தேகம். அப்பாவுக்கு வீட்டைக் கட்டினவன்மேல். எனக்கு யார்மேலும் இல்லை. கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

நான் ரசாயனம் படித்தவள். பரேலில் ஒரு துணி மில்லின் லாபரட்டரியில் வேலை. துணியில் ஏற்றிய சாயம் சோப்புக்கும் வெயிலுக்கும் நிற்கிறதா, போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிறத்தை வைத்து ஒரு விஷயத்தைச் சொல்வது எனக்குத் தினப்படி காரியம்.

தண்ணீர் இரண்டு வழியாகப் போகலாம். ஒன்று, புதுப் பூச்சில் விரிசல் இருந்து தரைக்குள் இறங்கலாம். இரண்டு, சுவர் ஓட்டையிலிருந்து வெளியே போகிற இரும்புக் குழாயின் இணைப்பில் கசிந்து, சுவருக்குள் புகுந்து, கீழே தலைகாட்டலாம். எந்த வழி என்று தெரிந்தால் என்ன செய்வது என்பது தானே தெரிந்துவிடும்.

மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி கரைத்துப் பார்த்த யாருக்கும் இது தெரியும். நான் அதையே காலேஜில் வேறு பெயரில் ஒரு தரம் படித்தேன். மோரியில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினால், குழாய் வழியாகப் போனது மஞ்சளாகவே சொட்டும். சுண்ணாம்புப் பூச்சு வழியாகப் போனது சிவப்பாகச் சொட்டும். உளி வேண்டாம், செலவில்லை, அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற சாமானே போதும். இதை யோசித்து முடித்தபோது எனக்கு என்மேலேயே நல்ல அபிப்பிராயம் வந்தது.

சனிக்கிழமை மில் அரை நாள். மாமியிடம் போய், "கொஞ்சம் கலர் தண்ணி விடப்போறேன், எங்கே விழறதுன்னு பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன கலர் என்று சொல்லவில்லை. எந்தக் கலரில் வரும் என்பதைத்தானே பார்க்கப் போகிறோம்? ஒரு வெண்கலக் கிண்ணத்தில் மஞ்சள் பொடியைக் கரைத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து மோரியில் விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே ஒரு தட்டு உருண்டு விழுந்த சத்தம். பிறகு படியில் காலடி. மாமி கையில் ஒரு மூடியோடு வந்தாள். மூடி நடுவில் ரத்தம் போல ஒரு சொட்டு.

"யாருக்குடி ஆரத்தி? சொல்லு, யாருக்கு? ஊர் உலகத்துல ஆரத்தியைச் சுத்தி வாசல்ல கொட்டுவா. நீங்க என் அடுப்புல கொட்டறேள்! உங்காத்துத் திருஷ்டி அத்தனையும் என் தலையிலயா?"

"ஐயோ மாமி, ஆரத்தியெல்லாம் இல்லை" என்று அம்மா ஜுரத்தோடு எழுந்து ஓடி வந்தாள். "இவ காலேஜ்ல படிச்ச படிப்பாக்கும் அது."

"ஆரத்தி கரைக்கவா காலேஜுக்கு அனுப்பிச்சேள்?"

நான் மூடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல சிவப்பு. சந்தேகமே இல்லை. மாமி கோபமாக நிற்க, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாமியை உட்கார வைத்து, மஞ்சள், சுண்ணாம்பு, பூச்சு, குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். தரைதான் ஒழுகுகிறது, பூச்சு மட்டுமில்லை, அடியில் இருக்கிற கல்லையும் எடுத்து, முழுக்க உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றேன்.

மாமியின் கோபம் போய்விட்டது. வேறு ஒன்று வந்தது.

"உடைச்சா, கீழே எனக்கு என்ன ஆகும்?"

அவளுடைய கூரையும் எங்கள் தரையும் ஒன்றேதான். உடைக்கிற வரைக்கும் கல்லும் காரையும் அவள் அடுப்பில்தான் விழும். பிறகு தரை காய வேண்டும். மழைக்காலத்தில் சீக்கிரம் காயாது. பத்துப் பதினைந்து நாள் சமையலறையை மூட வேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

மாமி மூடியைத் திருப்பி வாங்கி, அதிலிருந்த சொட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "பத்து நாள் வேற எடத்துல சாப்பிட்ட பசங்க திரும்பி வரமாட்டா, கொழந்தே. நாக்கு அங்கே பழகிடும். மாமாவுக்கு நான் என்ன சொல்றது?" கொஞ்சம் யோசித்தாள். "சரி, எச்சல் சொட்டறதுக்கு இது தேவலை. நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே, நாளையிலிருந்து சாப்பாடு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்துவிட்டார். சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டியிருந்த காலம். அப்பா யார் யாரையோ பிடித்து அரை மூட்டை வாங்கி வைத்திருந்தார். கீழே மாமி அடுப்பை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கொத்தனார் தான் பூசின இடத்தைத் தானே உடைக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே, ஓரத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சில்லுப் பெயர்ந்தது.

மோரியில் கிடந்த பாத்திரங்களை அவசரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மஞ்சள் கரைத்த வெண்கலக் கிண்ணம் அப்படியே இருந்தது. ஒரு தேய் தேய்த்து எடுத்துவிடலாம் என்று, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுக் கிண்ணத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் சிகடி என்கிற கரியடுப்பில்தான் சமையல். கரி எரிந்த சாம்பல் தினம் ஒரு தகரம் நிறையும். பாத்திரத்துக்கு அதைத்தான் தொட்டுக்கொள்வோம். மாதுங்காவில் எல்லார் வீட்டிலும் அதுதான்.

என் மணிக்கட்டில் சிவப்பாக வழிந்தது.

கை கீறிவிட்டதோ என்று முதலில் பார்த்தேன். கீறவில்லை. கிண்ணத்தைப் பார்த்தேன். சாம்பல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் சிவந்துகொண்டிருந்தது.

சாம்பலிலும் காரம் உண்டு. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பரீட்சையில் கேட்டால் உடனே எழுதியிருப்பேன். ஆனால் தினமும் கையால் தொடுகிற சாம்பல் எனக்கு ரசாயனமாகத் தோன்றவில்லை, சாம்பலாகத்தான் தோன்றியது. மோரியில் சாம்பல். ஓட்டையில் சாம்பல். குழாயிலும் சாம்பல்தான் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி மாமி தன் கூரைக்கு அடிப்பதும் சுண்ணாம்பு. நான் விட்ட மஞ்சள் தண்ணீர் எந்த வழியாகப் போயிருந்தாலும் சிவப்பாகத்தான் சொட்டியிருக்கும். எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிற ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அவர் சொன்னதை வைத்துத் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

"நிறுத்துங்கோ" என்றேன்.

கொத்தனார் சுத்தியலை ஓங்கியபடியே பார்த்தார். "ஏன்? இன்னைக்கு நாள் நல்லால்லையா?"

"தரைதான் ஒழுகறதுன்னு நிச்சயமில்லை."

"இத நான் சொன்னப்போ ஒருத்தரும் காது குடுக்கல. இப்போ உடைக்கவா வேண்டாமா, ஒரு முடிவுக்கு வாங்கம்மா. உளியை எடுத்துட்டுச் சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்கும்."

அம்மா கட்டிலிலிருந்து கேட்டாள்: "அப்போ நேத்திக்கு அத்தனை நேரம் மாமிக்கு விளக்கினது?"

"தப்பு."

அம்மாவிடம் சொல்வது சுலபம். கீழே போய்ச் சொல்ல வேண்டுமே. படியிறங்கும்போது, மாமி என்னென்ன கேட்பாள், அதற்கு நான் என்ன சொல்வது என்று வழக்கம் போல வரிசைப்படுத்தப் பார்த்தேன். ஒன்று என்று ஆரம்பிப்பதற்குள் படி முடிந்துவிட்டது.

மாமி வராந்தாவில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மாமா நாற்காலியில். அடுப்பில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு சின்னப் பானை. அத்தனை இலை போட்ட வீட்டில் அந்தச் சின்னப் பானைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமி, நான் நேத்திக்குச் சொன்னது சரியில்லை. தரைன்னு நான் சொன்னதுக்கு ஆதாரம் போறாது. இன்னும் உடைக்கலை. இன்னொரு தரம் தண்ணி விட்டுப் பார்க்கணும்."

மாமி கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்போ என்ன கலர்?"

"நீலம். துணிக்குப் போடற நீலம். சாம்பல் பட்டாலும் சுண்ணாம்பு பட்டாலும் அது மாறாது."

"நீலம் தேவலை" என்றாள் மாமி. "அதுக்கு ஒரு சாஸ்திரமும் கிடையாது."

நாற்காலியிலிருந்து மாமா சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

இந்தத் தரம் ஒவ்வொரு வழியாகத் தனித்தனியே பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். முதலில் மோரி ஓட்டையைத் துணிப் பந்தால் இறுக்கி அடைத்தேன். நீலத் தண்ணீரைக் கட்டை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். தரை ஒழுகினால் இப்போது சொட்ட வேண்டும். மாமி தன் சமையலறையில் அண்ணாந்து நின்றாள். மேலே ஜன்னலோரம் நான். கொத்தனார் கட்டைமேல் உட்கார்ந்து, தன் பூச்சு கோர்ட்டில் நிற்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரதா மாமி?"

"இல்லை."

காத்திருந்தோம். அம்மா எழுந்து வந்து கஞ்சி குடித்து முடித்தாள்.

"இப்போ?"

"கூரை காஞ்சு கிடக்கு. கழுத்துத்தான் வலிக்கறது!"

கொத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட கஷ்டம் முகத்தில் தெரிந்தது.

துணிப் பந்தை உருவினேன். தண்ணீர் சட்டென்று போகவில்லை. கொட கொடவென்று முனகிக்கொண்டு மெதுவாக இறங்கியது. பாதி இறங்குவதற்குள் கீழேயிருந்து கத்தல்.

"வந்தாச்சுடி! நீலம் வந்தாச்சு! மூலைல, சுவரோரமா! இதோ இன்னொண்ணு!"

தன் சமையலறை ஒழுகுவதை அத்தனை ஆனந்தமாக ஒருவர் அறிவித்து நான் கேட்டதில்லை. எச்சில் என்ற பேச்சே இல்லை. மாமா உள்ளேயிருந்து, "எங்கே, எங்கே?" என்று கேட்டதும், "இங்கே, கையை நீட்டுங்கோ, சொட்டு விழும்" என்று மாமி அவரை அழைத்து வந்து காட்டியதும் ஜன்னல் வழியாகக் கேட்டது.

மழை விட்டிருந்தது. கொத்தனார் பின் சந்தில் ஏணி போட்டு ஏறி, மாமியின் ஜன்னலுக்குச் சற்று மேலே குழாய் வளைகிற இடத்தைக் கழற்றினார். உள்ளே சாம்பலும் தேங்காய் நாரும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. வருஷக் கணக்கில் நாங்கள் தேய்த்துக் கொட்டியது. தண்ணீர் போக விரல் அகல வழிதான் மிச்சம். மிச்சத் தண்ணீர் தேங்கி, இணைப்பு வழியாகப் பின்னால் கசிந்து, சுவருக்குள் போயிருக்கிறது.

"யம்மா, உங்க வீட்டு அடுப்பு மொத்தமும் இங்கதான் இருக்கு, பாருங்க!" என்று கொத்தனார் அந்த அடைப்பைத் தூக்கிக் காட்டினார். அதன் நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது. மோரியைப் பூசின அன்று அவர் சட்டியைக் கழுவி ஊற்றின சுண்ணாம்புக் கலவை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அவர் அதை மட்டும் பிய்த்துச் சந்தில் வீசினார். எங்கள் சாம்பல் பெரியது, அவர் கட்டி சின்னது. அதைப் பற்றி நான் பேசவில்லை.

குழாயைச் சுத்தம் செய்து, இணைப்பில் சணல் திரியைச் சுற்றிப் பசை வைத்து இறுக்கினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. இரண்டாம் தரமும் நீலம் விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் வரைக்கும் பொறுத்து மூன்றாம் தரமும் விட்டேன். "போறும்டி, பில்டிங்கே நீலமாயிடும்" என்று மாமி அடுப்பை உள்ளே தூக்கினாள்.

அவள் சுவரை அலம்பி, கோலம் போட்டு, உலை வைத்தாள். தெருமுனையில் பிள்ளைகள் தங்கியிருந்த அறைக்கு மாமா சொல்லி அனுப்ப, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். மூடியது ஒரே ஒரு வேளை. மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்து போன பையன் மட்டும் வரவில்லை. அவனும் அந்த ஆடி முடிவதற்குள் வந்து சேர்ந்தான். மற்ற இடத்தில் மோர் தண்ணீராக இருக்கிறது என்று காரணம் சொன்னானாம்.

அரை மூட்டைச் சிமெண்டு வீணாகவில்லை. கொத்தனார் சில்லுப் பெயர்த்த ஓரத்தை அடைத்துவிட்டு, மிச்சத்தை வைத்து மாமியின் விரிசல் விட்ட அடுப்பு மேடையைச் சரி செய்தார். அம்மாதான் அப்படிச் செய்யச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற முறை மாறியது. தேய்த்த சாம்பலை முதலில் ஒரு வாளியில் அலம்புகிறோம். அடியில் படிந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் மோரியில் விடுகிறோம். நாருக்குத் தனி டப்பா. ஆரம்பத்தில் அம்மா முணுமுணுத்தாள். இப்போது பக்கத்து வீட்டு மாமிகளுக்கு அம்மாதான் அதை வகுப்பு எடுக்கிறாள்.

யுத்தம் முடிந்து இப்போது சில வருஷங்கள் ஆகிவிட்டன. நிலைமை இதுதான். எங்கள் மோரி ஒழுகவில்லை. மாமியின் சாப்பாடு நடக்கிறது, இலை கூடியிருக்கிறது. கூரை மூலையில் அந்த ஆரத்திச் சொட்டு காய்ந்து ஒரு மங்கலான வட்டமாக நின்றுவிட்டது. வெள்ளையடிக்க வந்தவரிடம், அதை மட்டும் விட்டுவிடு, பெரிசாகிறதா என்று தான் தினம் பார்க்க வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டாள். நான் இன்னும் அதே லாபரட்டரியில்தான் இருக்கிறேன். சாயம் நிற்கும், நிற்காது என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போன மாமியின் ஞாபகம் வருகிறது; இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.